தீயில் போன மந்தைக்கு எவ்வளவு? அமெரிக்கப் பண்ணைகளுக்கான பேரிடர் உதவியும் கான்சாஸின் கிளார்க் கவுண்டியும்

அமெரிக்காவில் வறட்சி, வெள்ளம், புயல், காட்டுத்தீ ஆகியவற்றால் நட்டமடையும் பண்ணைகளுக்கு அரசு கொடுக்கும் பேரிடர் உதவி வாஷிங்டனில் சட்டமாகிறது; ஆனால் பணமாக மாறுவது கவுண்டியில்தான். மாநிலத்துக்குக் கீழுள்ள இந்த நிர்வாகப் பிரிவுகள் நாடு முழுவதும் மூவாயிரத்துக்கு மேல் உள்ளன. வறட்சியின் கடுமை கவுண்டிவாரியாகத்தான் கணக்கிடப்படுகிறது. மனு வாங்குவது கவுண்டி அலுவலகம், அதை ஏற்பதோ தள்ளுவதோ உள்ளூர் விவசாயிகளே தேர்ந்தெடுத்த குழு. இந்த உதவி யாருக்குப் போய்ச் சேருகிறது, எந்த நட்டத்தைக் கணக்கில் கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று அறிய ஒரு கவுண்டியை எடுத்துக்கொண்டு பார்ப்பதே தெளிவான வழி. கான்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கில், ஓக்லஹோமா எல்லையை ஒட்டி இருக்கிறது கிளார்க் கவுண்டி. பரப்பு ஏறத்தாழ 977 சதுர மைல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. ஆஷ்லேண்ட் அதன் தலைநகர். கோதுமையும் விளைகிறது என்றாலும், இயற்கைப் புல்வெளியில் பசுக்களை மேயவிட்டுக் கன்று ஈன வைத்து விற்பதுதான் ஊரின் பிழைப்பு.

2017 மார்ச் 6 அன்று ஓக்லஹோமாவின் பீவர் கவுண்டியில் பற்றிய தீ, மணிக்கு 60 மைலைத் தாண்டிய காற்றில் வடக்கே பாய்ந்தது. அதற்கு ஸ்டார்பக் தீ என்று பெயர். முந்தைய ஆண்டு நல்ல மழை பெய்ததால் புல் உயரமாக வளர்ந்து, குளிர்காலத்தில் காய்ந்து நின்றது. இரு மாநிலங்களிலும் சேர்த்து 6 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. அதில் நாலரை லட்சம் ஏக்கருக்கு மேல் கிளார்க் கவுண்டிக்குள்ளேயே இருந்தது. எங்கல்வுட் என்ற சிற்றூரில் வீடுகள் எரிந்தன, ஆஷ்லேண்ட் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். மாடுகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. மறுநாள் காலையில் பண்ணைக்காரர்கள் துப்பாக்கியோடு வயலுக்குப் போனார்கள். குளம்பு கழன்று, மடி வெந்து, கண் தெரியாமல் நின்ற பசுக்களை வேறு என்ன செய்வது? பெரும் குழிகள் தோண்டிப் புதைத்தார்கள். மார்ச் மாதம் அங்கே கன்று ஈனும் காலம். செத்த பசுக்களில் பல நிறைசினை.

இந்த நட்டம் ஒரே வகையானது அன்று. மாடு ஒரு நட்டம். மாடு தின்ன வேண்டிய புல்லும் அடுக்கி வைத்த உலர்புல் உருளைகளும் இன்னொன்று. மைல்கணக்கில் போன முள்கம்பி வேலி மூன்றாவது. பல தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த மந்தையின் வம்சம் நான்காவது. அமெரிக்கப் பேரிடர் உதவிச் சட்டம் இவை ஒவ்வொன்றையும் வெவ்வேறு கண்ணால் பார்க்கிறது. சிலவற்றைப் பார்ப்பதே இல்லை.

இப்படித் துண்டுதுண்டாக இருப்பதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1930களின் புழுதிப்புயலுக்குப் பிறகு, 1938-இல் கூட்டாட்சிப் பயிர்க் காப்பீடு தொடங்கியது. நெடுங்காலம் அது சில பயிர்களுக்கும் சில கவுண்டிகளுக்கும் மட்டுமே கிடைத்தது. 1973 வேளாண் சட்டம் கோதுமை, மக்காச்சோளம், பருத்தி போன்ற பயிர்களுக்கு நேரடிப் பேரிடர்ப் பணம் தரத் தொடங்கியது. பிரீமியம் இல்லாமல் கிடைத்த அந்தப் பணம் அடிக்கடி பொய்க்கும் நிலத்திலும் பயிரிடத் தூண்டியது என்ற குறை எழுந்தது. 1980-இல் பயிர்க் காப்பீட்டை விரிவாக்கி, நேரடிப் பணத்தின் இடத்தில் அதை வைக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. ஆனால் 1988-இன் கொடும் வறட்சியில் காப்பீடு எடுக்காதவர்களே மிகுதியாக இருந்ததால், தனிச் சட்டம் போட்டு மீண்டும் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் காப்பீட்டை வலுப்படுத்துவதும், பேரிடர் வந்ததும் அவசரச் சட்டம் போடுவதும் மாறி மாறி நடக்கின்றன.

கால்நடைக்கு நிலையான ஏற்பாடு வரத் தாமதமாயிற்று. பயிருக்கு விளைச்சல் கணக்கு இருக்கிறது, காப்பீட்டுக் கழகம் இருக்கிறது. திறந்த வெளியில் மேயும் மந்தைக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2008 பண்ணைச் சட்டம்தான் இதற்கென்று திட்டங்களை உருவாக்கியது. செத்த கால்நடைக்கு இழப்பீடு தருவது எல்ஐபி. வறட்சியில் மேய்ச்சல் போனால் தருவது எல்எஃப்பி. இவ்விரண்டிலும் அடங்காத கால்நடை, தேனீ, பண்ணை மீன் இழப்புகளுக்கு ஈலாப். பண்ணைக்காரர்கள் இந்தச் சுருக்கப் பெயர்களையே சொல்லிப் பழகிவிட்டார்கள். 2011 செப்டம்பர் 30-ஆம் தேதி இத்திட்டங்களின் காலம் முடிந்தது. வறட்சி தெற்குச் சமவெளியை வாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. புதிய பண்ணைச் சட்டம் 2014-இல்தான் வந்தது. திட்டங்களை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் 1 முதல் நேர்ந்த இழப்புகளுக்கும் முன்தேதியிட்டுப் பணம் தந்தது.

கவுண்டிக் கணக்கைப் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தென்மேற்குக் கான்சாஸ் கவுண்டிகளின் பேரிடர் உதவித் தொகை 2014 வாக்கில் திடீரென்று உயர்ந்திருந்தால், அந்த ஆண்டில் பேரிடர் பெரிது என்று பொருளாகாது. முந்தைய மூன்று ஆண்டு வறட்சியின் பணம் சேர்ந்து வந்தது என்றே பொருள். இடைப்பட்ட காலத்தில் புல்லும் தண்ணீரும் இல்லாமல் மந்தையைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டவருக்கு, பின்னால் வந்த காசோலை இழந்த மந்தையைத் திருப்பித் தரவில்லை. தொகை எவ்வளவு என்பதற்குச் சமமான கேள்வி, அது எப்போது வந்தது என்பது. உதவியை மதிப்பிடும்போது முதல் கேள்வியோடு நின்றுவிடக் கூடாது.

எல்ஐபி இயங்கும் முறை மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. தேசியச் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் இழப்பீடு. பசு, காளை, கன்று என்று வகைவாரியாகவும் எடைவாரியாகவும் ஆண்டுதோறும் விலை நிர்ணயிக்கப்படுகிறது. இயல்பாகவே ஆண்டுதோறும் சாகும் விகிதத்துக்கு மேற்பட்ட சாவுக்குத்தான் பணம். சிக்கல் மெய்ப்பிப்பதில் வருகிறது. வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமைக்குரிய கவுண்டி அலுவலகத்துக்குப் போகும் பண்ணைக்காரர் முதலில் இழப்பு அறிவிப்பும், பிறகு விண்ணப்பமும் கொடுக்க வேண்டும். தீக்கு முன் எத்தனை மாடு இருந்தன என்பதற்குச் சான்று வேண்டும்: வங்கிக்குக் கொடுத்த இருப்புப் பட்டியல், தடுப்பூசிக் கணக்கு, வாங்கிய ரசீது. எத்தனை செத்தன என்பதற்கும் வேண்டும்: கால்நடை மருத்துவரின் கடிதம், தேதியிட்ட படங்கள், சடலம் அகற்றியவரின் ரசீது. இவை இல்லாவிட்டால், மந்தையை நேரில் அறிந்த, அதில் பங்கில்லாத ஒருவரின் சாட்சியம். வீடும் மேசையும் கணக்குப் புத்தகமும் சேர்ந்து எரிந்துபோன குடும்பத்திடமும் இதே தாள்கள்தான் கேட்கப்படும். மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியும், பண்ணையில் யாருக்கு எத்தனை பங்கு என்ற விவரப் படிவமும் தனி.

இந்த விதிகள் தேவையற்றவை என்று சொல்லிவிட முடியாது. பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் சராசரி விலை என்ற அளவுகோல் ஆஷ்லேண்ட் போன்ற ஊருக்குப் பொருந்தவில்லை. பதிவு பெற்ற ஆங்கஸ் இனப் பசுக்களை வளர்த்து இனவிருத்திக்கு விற்கும் பண்ணைகள் அங்கே உண்டு. அத்தகைய பசுவும் சாதாரணக் கலப்புப் பசுவும் படிவத்தில் ஒரே வரிசையில் ஒரே விலை. வயிற்றில் இருந்த கன்றுக்கு 2017-இல் ஒரு டாலர்கூட இல்லை. பிறவாத கன்றுக்கும் பணம் தரும் விதி 2025-இல்தான் சட்டத்தில் ஏறியது.

இதைவிடக் கடுமையாகத் தாக்கியது உச்சவரம்பு. 2014 சட்டப்படி எல்ஐபி, எல்எஃப்பி, ஈலாப் மூன்றும் சேர்ந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலருக்கு மேல் கிடையாது. ஒரு பசுவின் விலை 1,500 டாலர் என்று வைத்துக்கொண்டால் அதில் 75 சதவீதம் 1,125 டாலர். 111 பசுக்களோடு வரம்பு தீர்ந்துவிடும். நூற்றுக்கணக்கில் மாடு இழந்த குடும்பத்துக்கு அதற்கு மேல் செத்தவை அரசுக் கணக்கில் சாகாதவை. புல்லுக்காகவும் உலர்புல்லுக்காகவும் ஈலாபில் கேட்க வேண்டியதும் இதே வரம்புக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஈலாபுக்கு நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 2 கோடி டாலர் என்ற மொத்த வரம்பு வேறு. போதாததற்கு, பட்ஜெட் பற்றாக்குறையைக் கட்டுப்படுத்த அரசுச் செலவில் போட்ட பொதுவெட்டில் இந்தப் பணத்தில் சுமார் 7 சதவீதம் பிடித்துக்கொள்ளப்பட்டது.

2018 பிப்ரவரியில், தீ அணைந்து ஏறக்குறைய பதினோரு மாதத்துக்குப் பிறகு, இருகட்சி பட்ஜெட் சட்டம் எல்ஐபியின் உச்சவரம்பை நீக்கியது. 2017 தொடக்கம் முதலே அது செல்லும் என்றும் சொன்னது. ஈலாபின் 2 கோடி வரம்பும் போயிற்று. சமவெளியில் எரிந்த மந்தைகளுக்கும் அதே ஆண்டில் தெற்கே வீசிய புயல்களின் இழப்புக்கும் சேர்த்து வந்த சட்டம் அது. கிளார்க் கவுண்டிப் பண்ணைகளைப் பொறுத்தவரை இது உண்மையான நீதி, வருத்தம் தரும் தாமதத்தோடு. உச்சவரம்பை நீக்கினால் பெரும் பண்ணைகளே மிகுதியாகப் பெறும் என்ற ஆட்சேபம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மாடு எண்ணிப் பணம் கொடுத்தால் மாடு மிகுந்தவருக்கு மிகுதியாகப் போவது இயல்பு. ஆனால் நட்டத்தில் நாலில் ஒரு பங்கை எப்படியும் பண்ணையே தாங்குகிறது. செத்த மாட்டை எண்ணாமல் விடுவது சமத்துவத்துக்கு நல்ல வழியாகாது.

வேலியின் கதை வேறு. கான்சாஸில் ஐந்து இழை முள்கம்பி வேலி போட ஒரு மைலுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் ஆகும் என்பது அப்போதைய கணக்கு. தீ கடந்துபோன வேலி தூரத்தில் பார்க்க முழுதாக நிற்கும். மரக்கம்பங்கள் கரியாகியிருக்கும். கம்பியின் துத்தநாகப் பூச்சு வெப்பத்தில் போயிருக்கும். இழுத்துக் கட்டினால் ஒடியும், நின்றாலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். இதைச் சீராக்க 1978 சட்டத்தில் பிறந்த அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம், அதாவது ஈசிபி, செலவில் 75 சதவீதம் வரை தருகிறது. 2017-இல் ஒருவருக்கு ஒரு பேரிடருக்கு 2 லட்சம் டாலர் வரம்பு. அந்த விலையில் இருபத்தாறு மைல் வேலிக்கு மேல் எரிந்திருந்தால் மீதி முழுதும் சொந்தச் செலவு. கிளார்க் கவுண்டியின் பெரும் பண்ணைகளுக்கு இருபத்தாறு மைல் பெரிதன்று.

ஈசிபியின் உண்மையான கஷ்டம் வரிசையில் இருக்கிறது. பேரிடர் நிகழ்ந்ததும் கவுண்டிக் குழு திட்டத்தைத் திறக்க வேண்டும், மேலிடம் அனுமதிக்க வேண்டும், அலுவலர் வந்து வேலியைப் பார்க்க வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வு முடிய வேண்டும். பொதுவாக அனுமதிக்கு முன் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடைக்காது. வேலையை முடித்து ரசீது காட்டினால்தான் பங்குத் தொகை. பிழைத்த மாடு நெடுஞ்சாலைக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது யாரால் காத்திருக்க முடியும்? கையில் காசோ வங்கிக் கடனோ உள்ளவர் உடனே கம்பி வாங்கினார். இல்லாதவருக்கு இந்தத் திட்டமே எட்டாமல் நின்றது. 2018 பண்ணைச் சட்டம் வரம்பை 5 லட்சமாக உயர்த்தியதோடு, வேலிக்கான தொகையில் 25 சதவீதம் வரை முன்பணமாகத் தரவும் வழி செய்தது. சிறு பண்ணைக்காரருக்கு வரம்பு உயர்ந்ததைவிட இந்த முன்பணம் பெரிய உதவி.

அரசுப் பணம் வருவதற்கு முந்தைய வாரங்களைத் தாங்கியவர்கள் வேறு மாநில விவசாயிகள். மிச்சிகன், ஒஹையோ போன்ற தூர மாநிலங்களிலிருந்துகூட உலர்புல் ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்தன. வேலி போடும் கம்பியும் கம்பங்களும் நன்கொடையாக வந்தன. தாய் இழந்த கன்றுகளை 4-எச் இளைஞர் சங்கப் பிள்ளைகள் புட்டிப்பால் ஊட்டி வளர்த்தார்கள். இவை எந்தக் கவுண்டிக் கணக்கிலும் ஏறுவதில்லை.

எரிந்த புல்லுக்கு எல்எஃப்பியில் ஏன் கேட்க முடியவில்லை என்பது விதியின் ஒரு விசித்திரம். தீ விபத்துக்கு எல்எஃப்பி பணம் தருவது, அரசு நிர்வகிக்கும் மேய்ச்சல் நிலத்தில், தீயின் காரணமாக மேய்க்கத் தடை விதிக்கப்பட்டால் மட்டுமே. மேற்கு மலை மாநிலங்களில் அரசு நிலம் பரந்து கிடக்கிறது. கான்சாஸில் கிட்டத்தட்ட எல்லாமே தனியார் நிலம். ஆகவே ஈலாப்தான் ஒரே கதவு. மேய்ச்சல் நிலத்துக்கான காப்பீடு ஒன்று இருக்கிறது. அது மழை குறைந்தால் பணம் தரும், தீக்குத் தராது.

வறட்சி வந்தால் எல்எஃப்பிதான் கவுண்டிக் கணக்கில் பெரிய தொகை. அது 1999 முதல் வாரந்தோறும் வெளியாகும் அமெரிக்க வறட்சி வரைபடத்தைப் பார்த்து இயங்குகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சித் தணிப்பு மையமும் அரசுத் துறைகளும் சேர்ந்து தயாரிக்கும் அந்த வரைபடம், வறட்சியை டி0 முதல் மிகக் கடுமையான டி4 வரை நிறங்களால் தரம் பிரிக்கிறது. 2025 வரை இருந்த 2014 சட்டத்தின் விதிப்படி, புல் வளரும் பருவத்தில் டி2 நிலை எட்டு வாரம் தொடர்ந்தால் ஒரு மாதப் பணம். டி3 வந்தாலே மூன்று மாதம். டி4 நான்கு வாரம் இருந்தால் ஐந்து மாதம். மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம் என்பது வீதம். கவுண்டியின் எந்த மூலையில் அந்த நிறம் பட்டாலும் கவுண்டி முழுவதும் தகுதி பெறும். எந்தப் பண்ணையில் புல் உண்மையாகக் காய்ந்தது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. விரைவுக்கு இது நல்லது, மனுவும் சுருக்கம். ஆனால் நிறக்கோடு எல்லையைத் தொடாமல் நின்றுவிட்டால், காய்ந்த புல் அப்படியே இருந்தும் பணம் இல்லை. வறட்சிப் பகுதியில் மந்தையைக் குறைக்காமல் வைத்திருக்கவும் இது ஊக்கம் தருகிறது என்ற விமர்சனத்தில் வலு உண்டு.

அவசரச் சட்டங்களின் ஆபத்துக்கு 2002-03-இன் கால்நடை ஈட்டுத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. வறட்சிக்காகத் தொடங்கிய அது, பேரிடர் அறிவிக்கப்பட்ட எந்தக் கவுண்டிக்கும் பொருந்தும்படி பின்னர் தளர்த்தப்பட்டது. 2003-இல் கொலம்பியா விண்ணோடம் சிதறி விழுந்த கிழக்கு டெக்சஸ் கவுண்டிகளும், நிலநடுக்க அறிவிப்புப் பெற்ற வாஷிங்டன் மாநிலக் கவுண்டியும் மாட்டுக்குப் பணம் பெற்றதை 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளேடு விரிவாக எழுதியது. நட்டம் என்ன என்று கேட்காமல், பேரிடர் என்ற முத்திரை இருக்கிறதா என்று மட்டும் கேட்டதன் விளைவு அது. 2008-இன் நிலையான திட்டங்கள் இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்தன. ஆனால் பயிர்ப் பக்கம் அவசரச் சட்டங்கள் மீண்டும் பெருகின. 2017 புயல்களுக்கும் தீக்கும் 236 கோடி டாலர், 2020-21 இழப்புகளுக்கு 1,000 கோடி டாலர் என்று தனித்தனியே ஒதுக்கப்பட்டது. வாங்குபவர் அடுத்த இரண்டு ஆண்டுக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

கவுண்டிக் குழு என்ற ஏற்பாட்டிலும் இரு பக்கம் உண்டு. 1930களில் தொடங்கிய இந்தக் குழுக்களில் மூன்று முதல் பதினொரு பேர் வரை இருப்பார்கள். எந்தப் பண்ணையில் எத்தனை மாடு நின்றது என்று கிளார்க் போன்ற சிறிய இடத்தில் அவர்களுக்குத் தெரியும். பொய் மனு நிற்பது கடினம். ஆனால் தென் மாநிலங்களில் வெள்ளையர் மட்டுமே நிறைந்த குழுக்கள் கறுப்பின விவசாயிகளின் கடன் மனுக்களையும் பேரிடர் மனுக்களையும் பல பத்தாண்டுகள் தள்ளியும் தாமதித்தும் வந்தன. அந்த விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கில் 1999-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அரசு பெருந்தொகையை ஈடாகக் கொடுக்க நேர்ந்தது. பக்கத்து நிலத்துக்காரர் தீர்ப்புச் சொல்லும் முறை, அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் யார் என்பதைப் பொறுத்து நல்லதாகவும் கொடியதாகவும் இருந்திருக்கிறது.

2024 பிப்ரவரி கடைசியில் டெக்சஸின் வடமுனையான பான்ஹேண்டிலில் ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டி எரிந்தபோது, கிளார்க் கவுண்டித் தீக்குப் பிறகு திருத்தப்பட்ட விதிகள் நடைமுறையில் இருந்தன. செத்த மாட்டுக்கு உச்சவரம்பு இல்லை, வேலிக்கு 5 லட்சம் வரை உண்டு, முன்பணமும் உண்டு. ஈலாபும் தனிநபர் வரம்பிலிருந்து முன்பே விடுபட்டிருந்தது. எல்எஃப்பிக்கு மட்டும் 1,25,000 டாலர் வரம்பு தொடர்ந்தது. ஈசிபிக்கு இன்றும் எல்ஐபியைப் போல நிரந்தர நிதி கிடையாது. நாடாளுமன்றம் அவ்வப்போது ஒதுக்கும் துணை நிதியில்தான் அது நடக்கிறது. கையிருப்பு தீர்ந்தால் அனுமதி பெற வேண்டிய மனுக்கள் அடுத்த ஒதுக்கீடு வரை நிற்கும். 2024 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்க நிவாரணச் சட்டம் அதற்கு 80 கோடி டாலருக்கு மேல் சேர்த்தது.